‘காஸ்ரிக்’ என்று எழுதப்பட்ட ஒரு மறியல் மரணம்

பெர்மிட் இல்லாமல் மணல் ஏற்றினான் என்று பிடிபட்ட ஒரு ட்ரக்டர் சாரதியை நீதவான் 14 நாள் விளக்கமறியலில் வைக்கச் சொன்னார். ஆறாம் நாள் மத்தியானம் அவனை ஆஸ்பத்திரி வாசலில் உயிரில்லாமல் இறக்கினார்கள். அன்று காலை எழுதிய மருந்துத் துண்டில் இருந்தது காஸ்ரிக், வயிற்றில் அமிலக் கோளாறு. பிரேத பரிசோதனையில் வந்தது பாம்புக்கடி. வலி வந்து அவன் முதல்முறை கத்தியதற்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில் ஒன்பது மணித்தியாலம் இருக்கிறது. அந்த ஒன்பது மணித்தியாலத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் இந்த வழக்கு.

நான் சட்டத்தரணி இல்லை, வன்னியில் ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருக்கிறேன், கோப்புக் கட்டுவதும் மனு தட்டச்சுச் செய்வதும் குடும்பங்களோடு கந்தோர் கந்தோராக அலைவதும் என் வேலை. எந்தச் சிறை, எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். இறந்தவனைத் தம்பி என்றே எழுதுகிறேன், கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்து எனக்கு அவன் அப்படித்தான் ஆகிவிட்டான்.

பிணை கிடைக்காத குற்றமில்லை இது. இரண்டு ஆள்பிணை கேட்டிருந்தார்கள், கிராம அலுவலரின் கடிதத்தோடு ஒருவர் வந்தார், மற்றவர் வரவில்லை, காலபோக விதைப்பு நேரம், மழைக்கு முன் விதைத்து முடிக்க வேண்டும், அடுத்த தவணைக்குக் கட்டாயம் வாறன் என்று சொல்லியிருந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கையெழுத்து இரண்டு கிழமை பிந்தினால் ஒரு உயிர் போகும் என்று யார் நினைப்பார்கள்.

அந்த இரவு

மறியலில் புதிதாக வருபவனுக்குக் கிடைக்கும் இடம் கக்கூஸ் பக்கம். தம்பிக்கும் அதுதான், தண்ணீர் வெளியே போகும் ஓட்டைக்குப் பக்கத்தில், வெறும் சீமெந்தில் ஒரு சாறனை விரித்துப் படுத்திருந்தான். கூடத்தில் ஆட்கள் கூட, காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். வெளியே நல்ல மழை.

பக்கத்தில் படுத்திருந்தவர்கள் நீதவானுக்குச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒருமுறை எழும்பி, கைக்குப் பின்னால் எறும்பு கடித்த மாதிரி இருக்கு என்று சொறிந்துவிட்டுத் திரும்பப் படுத்திருக்கிறான். மூன்று மணியளவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான், இரண்டு தரம் சத்தி எடுத்தான். கூடத்தில் இருந்தவர்கள் கம்பியில் தட்டிக் கூப்பிட்டார்கள். காவலர் வந்தார், டோர்ச் அடித்துப் பார்த்தார், விடியட்டும் என்றார். அவரிடம் அந்தக் கதவின் சாவி இல்லை. இரவில் பூட்டுத் திறப்பதென்றால் பொறுப்பான ஜெயிலரை எழுப்ப வேண்டும், எழுப்பவில்லை. எழுப்பவில்லை என்பதை அவர் மறுக்கவும் இல்லை, “வயித்துவலிக்கெல்லாம் எழுப்பிறேல்லை” என்பதுதான் அவருடைய வாக்குமூலத்தின் சாரம்.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. ஆறேகாலுக்கு மருந்தறையில் இருந்த சிற்றூழியர் இரண்டு வெள்ளைக் குளிசையை விழுங்கக் கொடுத்து, மத்தியானத்துக்கும் இரவுக்கும் என்று இரண்டைக் கடதாசிப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

ஏழு மணிக்குக் கூடத்தைக் கூட்டியவர்கள் தண்ணீர் வாளிக்குப் பின்னால் ஒரு பாம்பைக் கண்டார்கள். கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம், ஒரு முழத்துக்கு மேல் நீளம். விளக்குமாற்றுக் கட்டையால் அடித்துக் கொன்றார்கள். அங்கே இருந்த ஒரு வயசான கமக்காரர், நெடுங்கேணிப் பக்கம், காவலரிடம் போய்த் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறார், சேர், இரவு வயித்துவலி எண்ட பொடியனுக்கு இதுதான் தீண்டியிருக்கும். காவலர் கேட்ட கேள்வி, எங்கே வீங்கியிருக்கு? வீங்கவில்லைதான். பாம்பைச் சுவருக்கு வெளியே எறியச் சொன்னார்கள்.

எட்டு நாற்பதுக்கு வைத்தியர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, தம்பிக்குச் சிங்களம் தெரியாது, நடுவில் நின்று மொழிபெயர்த்தவன் இன்னொரு கைதி. தம்பி சொன்னது “கண் துறக்கேலாமல் கிடக்கு”. மொழிபெயர்த்தவன் அதை நிதிமத என்று சொல்லிவிட்டான், தூக்கம் வருகுது என்ற பொருள். வைத்தியர் துண்டில் தூக்கக் கலக்கம், வயிற்றெரிவு, காஸ்ரிக் என்று எழுதினார், போதைப் பழக்கம் உண்டா என்று ஒரு கேள்விக்குறியும் போட்டார். பாம்பைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. இமை தொங்கியிருந்ததை அவர் கையால் தூக்கிப் பார்த்ததாகவும் துண்டில் இல்லை.

பத்தே முக்காலுக்கு ஒருவர் பிளேன்டீ பருக்கினார், அது மூக்கால் வந்தது. அப்போதுதான் எல்லாரும் பயந்தார்கள். வாகனம் கைதிகளை ஏற்றிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தது, அது திரும்பி வரும்வரை வைத்திருந்தார்கள். அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைக்க யாருக்கும் தோன்றவில்லை, அல்லது அழைக்க அனுமதி இல்லை, இரண்டில் எது என்பது இன்னும் வழக்கில் கேட்கவேண்டிய கேள்வி. பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு வெளிநோயாளர் பிரிவில் இறக்கினார்கள். முடிந்துவிட்டது.

வீங்காத கடி

புத்தகத்தில் கட்டுவிரியன் என்று இருக்கும், எங்கள் பக்கத்தில் எண்ணெய் விரியன், எட்டடி விரியன் என்று ஆளுக்கு ஒரு பெயர். எட்டடி வைப்பதற்குள் விழுந்துவிடுவான் என்று சொல்வது பிழை, பல மணித்தியாலம் எடுக்கும், அந்த மணித்தியாலங்களில்தான் காப்பாற்றலாம். புடையன் என்ற கண்ணாடி விரியன் கடித்தால் வீங்கும், இரத்தம் உறையாது, வலியில் ஊரைக் கூட்டுவான். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல பேருக்குக் கடித்ததே தெரியாது, வீக்கம் இருக்காது, பல் அடையாளம் ஊசி குத்தின அளவுதான். முதலில் வருவது பெரும்பாலும் வயிற்றுவலி. பிறகு இமை தொங்கும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், கடைசியாக மூச்சு இழுக்கும் தசைகள் நிற்கும். அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது, அந்தப் பொடியன் கடைசிவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பான்.

இலங்கையில் பாவிப்பது இந்தியாவில் இருந்து வரும் நான்கு பாம்புகளுக்கான பொது விஷமுறிவு மருந்து, அதில் கட்டுவிரியனும் அடங்கும். இமை தொங்கிய பிறகு அந்த மருந்தால் மட்டும் உடனே திரும்பாது, விஷம் நரம்பு முனைகளையே பழுதாக்கிவிடும். ஆனால் செயற்கைச் சுவாசத்தில் சில நாள் வைத்திருந்தால் நரம்பு தானாக வளர்ந்து ஆள் எழும்பி நடந்து வீட்டுக்குப் போவார். இயந்திரம் இல்லாத இடத்தில்கூடப் பையை அமத்தி அமத்திக் காற்றுக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகலாம். உலர் வலயத்தில் வேலை செய்த வைத்தியர்களைக் கேட்டால் சொல்வார்கள், மழைக்காலம், தரையில் படுக்கை, விடியப்புறம் வயிற்றுவலி, தொங்கும் இமை, இவை நாலும் சேர்ந்து வந்தால் வேறொன்று என்று நிரூபிக்கும்வரை அது விரியன்தான்.

இந்த மருத்துவ விபரத்தை இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, வழக்கின் முதுகெலும்பு இதில்தான் உள்ளது.

‘பிந்தாமல் இருந்தால் பிழைத்திருப்பானா?’

இலங்கையில் நோயைப் பிழையாகக் கணித்த வழக்கு என்றால் எல்லோரும் எடுப்பது பேராசிரியர் பிரியானி சொய்சா எதிர் அரசகுலரத்ன. ஒரு சிறுமிக்கு மூளைத்தண்டில் கட்டி, அதை வாதக்காய்ச்சலோடு வரும் நடுக்கநோய் என்று எடுத்து மருந்து கொடுத்தார்கள், பிள்ளை 1992இல் இறந்தது. மாவட்ட நீதிமன்றம் தகப்பனுக்கு 50 இலட்சம் கொடுக்கச் சொன்னது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது, 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளியது. கவனக்குறைவு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கவனக்குறைவால்தான் பிள்ளை இறந்தது என்று காட்ட வேண்டும், அந்தக் கட்டியை முன்கூட்டியே கண்டிருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் முடிவின் சாரம். பெற்றோரின் துக்கத்துக்கு நட்டஈடு எங்கள் றோமன் டச்சுச் சட்டத்தில் இல்லை என்பதும் அந்த வழக்கில் உறுதியானது, இழந்த வருமானம், செலவு, இப்படிக் கணக்குப் போடக்கூடியதுக்குத்தான் காசு.

எங்கள் கந்தோருக்கு வந்த முதல் பயம் இதுதான். அரச தரப்பு இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வரும். ஆனால் கட்டி வேறு, விரியன் கடி வேறு. மூளைத்தண்டுக் கட்டிக்கு நேரம் பெரிதாக உதவாது, விரியன் கடிக்கு நேரம்தான் மருந்து. காலை ஆறுக்கு ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அவனுக்கு மூச்சு நின்றபோது பக்கத்தில் குழாய் போட ஆள் இருந்திருக்கும். ஆகவே சொய்சா வழக்கு எங்களுக்கு எதிரி என்று நினைத்துப் படிக்கத் தொடங்கி, கடைசியில் அந்தத் தீர்ப்பு கேட்கும் கேள்விக்கே நேராகப் பதில் சொல்லக்கூடிய வழக்கு எங்களுடையது என்று எங்கள் சேர், நான் வேலை செய்யும் சட்டத்தரணி, சொன்னார். அந்த அபிப்பிராயத்தை ஒரு விஷமருத்துவ நிபுணரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாங்குவது லேசில்லை, வைத்தியர்கள் இன்னொரு வைத்தியருக்கு எதிராகக் கையெழுத்து வைக்கத் தயங்குவார்கள். எங்களுக்குக் கேள்வி வைத்தியரின் பிழை பற்றியதில்லை, ஆறு மணிக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது மட்டும்தான் என்று மாற்றிக் கேட்டபோது ஒருவர் சம்மதித்தார். இதே மாதிரி வழக்கு நடத்துகிறவர்கள் கேள்வியை இப்படி அமைத்துப் பாருங்கள்.

ஏழு மணிக்கு முன், ஏழு மணிக்குப் பின்

ஊரில் செத்தவீட்டில் கேட்டதெல்லாம் ஒரே கதை. பாம்பு கடிச்சதுக்கு ஆர் என்ன செய்யிறது. விதி. வீட்டில படுத்திருந்தாலும் கடிச்சிருக்கும். உண்மை, வீட்டிலும் கடித்திருக்கலாம். ஆனால் வீட்டில் என்றால் மூன்று மணிக்குப் பெண்சாதி எழும்புவாள், பக்கத்து வீட்டு மோட்டச்சைக்கிளைக் கேட்பாள், 1990க்கு அடிப்பாள், ஒரு ஆஸ்பத்திரியில் காஸ்ரிக் என்று திருப்பி அனுப்பினால் இன்னொன்றுக்குக் கொண்டோடுவாள், நாட்டு வைத்தியர் பரியாரியிடமாவது காட்டுவாள், பரியாரி இமையைப் பார்த்த உடனே இது விரியன் என்று சொல்லி அனுப்பியிருப்பார். வெளியில் இருப்பவனுக்கு ஒரு வைத்தியர் பிழைவிட்டால் அதைத் திருத்த இன்னும் நாலு வாசல் இருக்கிறது. மறியலில் இருப்பவனுக்கு ஒரே வாசல். அந்த வாசலைப் பூட்டி வைத்திருப்பது அரசு, ஆகவே மற்ற நாலு வாசலின் பொறுப்பும் அரசின் தலையில்தான் விழ வேண்டும். எங்கள் மனுவின் அடித்தளம் இவ்வளவுதான்.

இந்த மாதிரி யோசித்தது நாங்கள் முதலில்லை. மொஸ்கோவில் விளக்கமறியலில் 1995இல் நிமோனியாவில் இறந்த ஒரு இளைஞனுக்காக அவனுடைய தாய் ஐநா மனித உரிமைக் குழுவுக்குப் போனார், லன்ட்சோவா எதிர் ரஷ்யா. அவன் கடைசி நாள்வரை மருத்துவ உதவி கேட்கவில்லை என்றது ரஷ்ய அரசு. 2002இல் குழு சொன்னது, கைது செய்து வைத்திருக்கும் அரசு அவர்களின் உயிருக்குப் பொறுப்பை ஏற்கிறது, கைதி கேட்டால்தான் காப்போம் என்று சொல்ல முடியாது, அவர்களுடைய உடல்நிலையை அறிந்து வைத்திருப்பது அரசின் வேலை. கேட்காதவனுக்கே அப்படி. எங்கள் பொடியன் மூன்று மணிக்குக் கேட்டான், கூடமே சேர்ந்து கேட்டது.

அதேநேரம் எல்லாப் பிழையும் உரிமை மீறல் ஆகாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் 1976 வழக்கு ஒன்று, எஸ்டெல் எதிர் கேம்பிள். டெக்சாஸில் ஒரு கைதிமேல் பஞ்சுப் பொதி விழுந்து முதுகு பழுதாகிவிட்டது, 17 தடவை மருத்துவ ஆட்கள் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுக்கவில்லை. கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே புறக்கணித்தால் அது அரசியலமைப்பு மீறல் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, ஆனால் எக்ஸ்ரே எடுக்காதது வைத்தியரின் தீர்மானம், பிழையாக இருந்தாலும் அது சாதாரண மருத்துவக் கவனக்குறைவு மட்டும் என்று வைத்தியருக்கு எதிரான கோரிக்கையைத் தள்ளிவிட்டது. எங்கள் நீதிமன்றத்தை அது கட்டாது. ஆனாலும் கோட்டை எங்கே கீறுவது என்று யோசிக்க உதவும்.

நான் அந்தக் கோட்டை ஏழு மணிக்குக் கீறுகிறேன். மூன்று மணிக்கு ஜெயிலரை எழுப்பாதது ஒரு பொறுப்புத் தவறு. அது மருத்துவத் தீர்மானமே இல்லை, காவலர் வைத்தியர் இல்லை, வயிற்றுவலி பெரிசா சின்னதா என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. 2015இல் ஐநா பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகளில் 27ஆவது விதி இதைத்தான் சொல்கிறது, அவசர நேரத்தில் உடனடி மருத்துவம், மருத்துவ முடிவை எடுப்பது மருத்துவ ஆட்கள் மட்டும், சிறை உத்தியோகத்தர் அதை மீறவோ தட்டிக்கழிக்கவோ கூடாது. ஆனால் ஏழு மணிக்குச் செத்த பாம்பு கண்முன் கிடக்கிறது, பாம்பைத் தெரிந்த ஒரு கமக்காரர் இன்ன ஆள், இன்ன காரணம் என்று வாய்விட்டுச் சொல்கிறார். அதற்குப் பிறகு தெரியாது என்று சொல்ல வழியில்லை. எட்டு நாற்பதுக்கு வைத்தியர் வந்தபோது அந்தத் தகவலைச் சொல்லாமல் விட்டதால், வைத்தியரின் பிழையான கணிப்பில் பாதி அந்த இடத்திலேயே உருவாகிவிட்டது. அவருக்குக் கிடைத்தது தூக்கம் வருகுது என்ற சொல் மட்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் எழுதி வைத்திருக்கிறது, வன்னிக் கைதிகள் இருக்கும் மருந்தறையில் நோயைச் சொல்ல இன்னொரு கைதியின் நாக்கைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

அதற்காக வைத்தியரை விட்டுவிடச் சொல்லவில்லை. இமையைத் தூக்கிப் பார்த்திருந்தால், மேலே பார், நாக்கை நீட்டு என்று சைகையில் சொல்லியிருந்தால், மொழியே தேவையில்லை. கைதி என்றால் நடிப்பான், இல்லாவிட்டால் தூள்காரன் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குறியில் இருக்கிறது. அவருக்கு எதிராக ஸ்ரீலங்கா மருத்துவ சபைக்கு எழுதலாம், எழுதியிருக்கிறோம். ஆனால் அவரை மட்டும் குற்றவாளியாக்கி மற்றவர்கள் தப்பிவிடும் வழக்காக இதை மாற்ற எனக்குச் சம்மதமில்லை. அத்தோடு வைத்தியர் சுகாதார அமைச்சின் ஆள், காவலர் சிறைச்சாலைத் திணைக்களத்தின் ஆள், யாருடைய பிழை என்று இரண்டு பக்கமும் பந்தடிப்பார்கள். குடும்பத்துக்கு அது தேவையில்லாத கதை, இரண்டும் அரசின் கைகள்தான்.

எந்தக் கதவைத் தட்டினோம்

முதல் கதவு மரண விசாரணை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 371ஆம் பிரிவின்படி பொலிஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால் பொறுப்பதிகாரி உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், நீதவான் நேரில் சடலத்தைப் பார்த்து விசாரிக்க வேண்டும். குடும்பங்கள் பிழைவிடுவது இங்கேதான். உடலைக் கெதியாகத் தாருங்கள், கிரியை செய்ய வேண்டும் என்று அழுதுகொண்டு கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நியாயம்தான், ஆனால் சாட்சி சூடாக இருக்கும் நேரம் அந்த ஒரு நாள்தான். தம்பியின் மனைவிக்கு 23 வயசு, கையில் பிள்ளை, “அண்ணை, நான் என்ன கேக்கிறது, எனக்கு ஒண்டும் தெரியாதே” என்றாள். மூன்று விசயம் மட்டும் கேள் பிள்ளை என்றேன். இரவுக் கடமைப் புத்தகத்தை நீதவான் பார்க்க வேண்டும், கூட இருந்தவர்களைக் காவலர்கள் இல்லாமல் விசாரிக்க வேண்டும், சட்ட வைத்திய அதிகாரிதான் பரிசோதிக்க வேண்டும். நீதவான் மூன்றையும் செய்தார். அந்தக் கமக்காரர் தமிழில், நீதவானுக்கு நேரே, பாம்புக் கதையைச் சொன்னது அப்போதுதான். அதைக் கேட்டுத்தான் சட்ட வைத்திய அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துத் தோலை ஒவ்வொரு அங்குலமாகத் தேடினார், இடது புயத்துக்குப் பின்னால் இரண்டு புள்ளி கண்டார். அந்தக் கிழவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இது இன்றைக்கும் காரணம் தெரியாத திடீர் மரணம். பாம்பு கிடைக்கவில்லை, சுவருக்கு வெளியே மழைவெள்ளம்.

மரண விசாரணையின் முடிவு பாம்பு விஷத்தால் சுவாசம் நின்ற மரணம் என்று வந்தது. பிந்தியது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடித்துச் செத்தால் உடம்பில் காயம் பேசும், 2012இல் வவுனியா சிறையில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு இறந்த இளைஞனின் கதை வன்னியில் எல்லோருக்கும் தெரியும். பிந்திச் செத்தால் உடம்பில் ஒரு அடையாளமும் இருக்காது, புத்தகத்தில் எழுதிய நேரம்தான் காயம்.

இரண்டாவது, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. உயிர்வாழும் உரிமை என்று எங்கள் அரசியலமைப்பில் தனி வரி கிடையாது. ஆனால் பயாகல பொலிஸாரால் கைது செய்யப்பட்டுப் பின் மறியலில் இறந்தவரின் மனைவி தொடுத்த ஸ்ரீயானி சில்வா எதிர் இத்தமல்கொட வழக்கில், 2003இல், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாரையும் மரணத்தாலோ சிறையாலோ தண்டிக்கக்கூடாது என்ற 13(4)ஆம் உறுப்புரைக்குள் அந்த உரிமை அடங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. உரிமை இழந்தவர் இறந்துவிட்டால் வழக்குப் போட ஆளில்லை என்ற வாதமும் அங்கே தோற்றது, மனைவி போடலாம். கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரையையும் சேர்த்தே கேட்டோம், மூன்று மணியில் இருந்து பன்னிரண்டு மணிவரை ஒருவனை மெல்ல மெல்ல மூச்சடங்க விட்டது வேறு எதில் அடங்கும்.

இதில் கழுத்தை அறுப்பது கால எல்லை, ஒரு மாதம். முப்பத்தோராம் கிரியை முடிந்து வாறம் என்று வரும் குடும்பங்களை நான் எத்தனையோ கண்டிருக்கிறேன், வரும்போது வழக்குப் போய்விடும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதைக் காட்டும்படி உயர் நீதிமன்றம் கேட்டிருக்கிறது, ஆகவே ஆணைக்குழு அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றையும் திகதியோடு வைத்திருக்க வேண்டும். நாங்கள் 24ஆம் நாள் போட்டோம். நெஞ்சு படபடக்கத்தான் போட்டோம்.

மூன்றாவது, மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அரசு ஊழியரின் தீங்குக்கு அரசு பொறுப்பு என்று 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும், அதற்கு ஒரு மாதம் முன்னால் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதை மறந்து வழக்கு இழந்தவர்கள் இருக்கிறார்கள். ட்ரக்டர் சாரதியின் நாட்கூலிக்குச் சம்பளத் துண்டு கிடையாது, ஆகவே ட்ரக்டர் உரிமையாளரிடமும் கமக்காரர் அமைப்பிடமும் கடிதம் வாங்கிச் சேர்த்தோம்.

குற்றவியல் பக்கம் தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவு இருக்கிறது, கவலையீனத்தால் மரணம் விளைவித்தல், ஐந்து வருசம் வரை. அது பொலிஸ், சட்டமா அதிபர் கையில், நாங்கள் முறைப்பாடு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, கடைநிலைக் காவலர் ஒருவரை உள்ளே தள்ளிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ஜெயிலரை எழுப்பினால் ஏச்சு விழும் என்று அவருக்குப் பழக்கியது யார் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், இரவுக் கடமைப் புத்தகத்தின் பிரதியையும் வாகன ஓட்டப் புத்தகத்தின் பிரதியையும் கேட்டோம். வாகனப் புத்தகம் வந்தது. அதில் பதினொன்று இருபதுக்கு வாகனம் நீதிமன்ற வளவில் நின்றிருக்கிறது, சாரதி, இரண்டு காவலர், கைதிகள் எல்லாரும் உள்ளே. நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் நடுவில்தான் ஆஸ்பத்திரி. இந்த ஒரு வரியைக் கண்டபோது எங்கள் சேர் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றார். இரவுக் கடமைப் புத்தகம் இன்னும் வரவில்லை, மேன்முறையீடு போட்டிருக்கிறோம்.

சிறையில் இருந்து அவனுடைய சாமானை ஒரு சொப்பின் பையில் கொடுத்தார்கள். சாறன், ஒரு சேட், 340 ரூபா, அடையாள அட்டை, அந்தக் கடதாசிப் பை. பையில் பென்சிலால் மத்தியானத்துக்கு ஒரு வட்டம், இரவுக்கு ஒரு வட்டம், உள்ளே இரண்டு குளிசையும் அப்படியே. மனைவி அதைச் சாமி அறையில் வைத்திருந்தாள். அதைக் கோப்புக்குத் தர வேண்டும் பிள்ளை என்று கேட்டபோது உடனே தரவில்லை, அடுத்த கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து, ஒரு பொலித்தீனில் சுற்றி, என் மேசையில் வைத்தாள். “அண்ணை, இதைத் துலைச்சுப் போடாதேங்கோ” என்றாள். ஆவண இலக்கம் பி 7 என்று அடையாளமிட்டு இரும்பலுமாரியில் வைத்திருக்கிறேன்.